லக்ஸ்டன் கிராமத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

வெள்ளவத்தை வாசி:

நவம்பர் கடைசியில் நொட்டிங்ஹாம் போகிறேன். அண்ணாவின் மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். “மாமி, லக்ஸ்டன் என்று ஒரு கிராமம் இருக்கு, இங்கிலாந்திலேயே இன்னும் பழைய முறையில் வயல் செய்கிற ஒரே ஊர், கட்டாயம் போகவேணும்” என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இணையத்தில் படங்கள் பார்த்தேன். உழுத நிலம், ஒரு தேவாலயம், ஒரு மண்மேடு. மேட்டைக் கோட்டை என்கிறார்கள். குளிருக்குள் ஒரு நாளைச் செலவழிக்க அந்த ஊரில் என்ன இருக்கிறது? வேலியே இல்லையாமே, அப்படியென்றால் ஊர் முழுக்கப் பொது நிலமா? பிறந்து வளர்ந்தது கொழும்பு 6, எனக்கு நிலம் என்றால் பல்கனிப் பூச்சாடிதான். விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள்.

படுவான்கரையான்:

தங்கச்சி, கட்டாயம் போங்கள். ஆனால் கட்டடம் பார்க்கிற எண்ணத்தோடு போனால் அரை மணித்தியாலத்தில் அலுத்துவிடும். அங்கே பார்க்கவேண்டியது நிலம் கிடக்கிற விதம்.

நான் நீர்ப்பாசனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, இப்போது இருப்பது கல்கிசையில். மகன் லக்ஸ்டனுக்குக் கிட்ட இருக்கிற நியூவார்க்கில் வேலை செய்த காலத்தில் என்னை லக்ஸ்டனுக்குக் கூட்டிப்போனான். வழி நெடுக இங்கிலாந்து பற்றைவேலி போட்டுக் கட்டம் கட்டமாக அடைபட்டுக் கிடக்கிறது. லக்ஸ்டனைத் தாண்டி மேட்டில் ஏறினால் வேலி நின்றுவிடுகிறது. ஒரே விரிப்பாக வயல், அதற்குள் நீள நீளமாகத் துண்டுகள். ஒன்று ஒருவருடையது, பக்கத்தில் உள்ளது இன்னொருவருடையது. எல்லைக்கு ஒரு முளைக்கட்டை, அவ்வளவுதான்.

பொது நிலமா என்று கேட்டீர்கள். இல்லை. ஒவ்வொரு துண்டையும் ஒரு விவசாயி குத்தகைக்குச் செய்கிறார், விளைச்சல் அவருக்கே. பொதுவாக இருப்பது ஒழுங்கு. மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெரிய வயல்கள். ஒன்றில் குளிருக்கு முன் விதைக்கிற கோதுமை, ஒன்றில் வசந்த காலப் பயிர், ஒன்று தரிசு. அடுத்த வருடம் இந்தச் சுற்று மாறும். ஒருவருக்கு மூன்று வயலிலும் துண்டு இருப்பதால் தரிசு வருகிற வருடத்திலும் கை வெறுமையாகாது. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லாருக்கும் கலந்தே கிடைக்கும்.

மண்ணையும் சொல்லவேண்டும். சிவப்புக் களி. மழை விழுந்தால் தண்ணீர் இறங்காது. வயலுக்கு நடுவே பள்ளமான ஈர இடங்களை உழாமல் புல்லாகவே விட்டிருக்கிறார்கள், அவற்றை ‘சைக்’ என்கிறார்கள். வருடா வருடம் அந்தப் புல்லை வெட்டும் உரிமையை ஏலம் விடுவார்கள். மாட்டை வைத்து உழுத காலத்தில் நீண்ட ஏர்க்கட்டைத் திருப்ப இடம் வேண்டும், அதனால் பழைய துண்டுகள் நேராக ஓடாமல் மெல்ல வளைந்து போகும். எனக்கு அந்த வளைவைப் பார்த்ததே போதும்போல இருந்தது. மகன் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தான், அது வேறு கதை.

ஊருக்குள் நடக்கும்போது பண்ணை வீடுகளைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் மற்ற இடங்களில் பெரும்பாலும் பண்ணை வீடு தன் நிலத்துக்கு நடுவே தனியாக நிற்கும். இங்கே எல்லாம் தெருவோரத்தில், பின்பக்கம் நீண்ட ஒடுங்கிய வளவோடு. நிலம் மூன்று திசையிலும் சிதறிக் கிடக்கும்போது வீட்டை எந்தத் துண்டில் கட்டுவது?

இனி முக்கியமான விஷயம். நீங்கள் போகிற நவம்பர் கடைசியில்தான் அங்கே ஜூரி நாள் வரும். விவசாயிகளிலிருந்து தெரிந்தெடுத்த ஜூரி, புதிதாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்க்கும். யார் பாதையை உழுதுவிட்டார், யார் சைக்குக்குள் ஏரை விட்டார், யார் வாய்க்காலைத் துப்புரவாக்கவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். கட்டை சரிந்திருந்தால் புதிதாக அடிப்பார்கள். பிறகு டவ்கொட் இன் என்ற சாராயக்கடையில் கோர்ட் லீட் என்கிற பழைய ஊர் நீதிமன்றம் கூடும். பெயர் கூப்பிட்டு, வராதவருக்கும் அத்துமீறினவருக்கும் தண்டப் பணம் போடுவார்கள். தொகை சிறிதுதான். ஆனால் ஊர் முழுக்க இருக்கிற இடத்தில் பெயரை வாசித்தால் யாருக்குத்தான் கூச்சம் வராது?

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் பாதி பழகினது. போகம் தொடங்க முன் ஆரம்பக் கூட்டம் போட்டு, விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கிற திகதி, மாடுகளை வயல் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துகிற திகதி எல்லாம் முடிவெடுப்பார்கள். வட்டவிதானை வாய்க்காலைப் பார்த்துக்கொள்வார். என் ஐயா உயிரோடு இருந்தால் லக்ஸ்டன் ஜூரியோடு மொழி தெரியாமலே சண்டை பிடித்திருப்பார்.

மருமகள் சொன்ன ‘ஒரே ஊர்’ கொஞ்சம் கூடுதல். டெவனில் பிரோன்டன், லிங்கன்ஷயரில் அக்ஸ்ஹோம் தீவு என்று துண்டு வயல் மிச்சமிருக்கிற இடங்கள் உண்டு. மூன்று வயல் சுற்றையும் அதை நடத்துகிற நீதிமன்றத்தையும் சேர்த்து வைத்திருப்பதுதான் லக்ஸ்டனின் தனித்தன்மை.

கொட்டாஞ்சேனைக்காரன்:

ஐயா சொன்னதோடு சட்டப் பக்கத்தில் ஒன்று. 1977இல் பிரித்தானிய பாராளுமன்றம் நிறைவேற்றிய நீதி நிர்வாகச் சட்டம் இப்படியான பழைய மன்றங்களின் அதிகாரத்தை நீக்கிவிட்டது. லக்ஸ்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அதனால் அந்தத் தண்டப் பணம் சும்மா நாடகமில்லை.

மற்ற ஊர்களில் வயல் எங்கே போனது என்றால், 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள், அதாவது திறந்த நிலத்தை வேலி போட்டுத் தனித்தனியாக்குகிற சட்டங்கள் வந்தன. இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அப்படி வேலிக்குள் போனது. மேய்ச்சல் உரிமையை நம்பியிருந்த ஏழைகளுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த அலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும்போதே இங்கே இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் மறுத்து நிரூபிக்கும்வரை பிரித்தானிய முடிக்குரியது என்றார்கள். கோப்பித் தோட்டத்துக்கு நிலம் வேண்டியிருந்த காலம். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் யார் வீட்டு மூளை என்று தெரியும்.

தெஹிவளைச் சந்தி:

எல்லாம் சரி. ஆனால் இது அரசாங்கம் காட்சிக்கு வைத்த ஊர் என்று வாசித்தேன். உல்லாசப் பயணிகளுக்காக வைத்திருப்பதைப் போய் வரலாறு என்று கும்பிட வேண்டுமா?

படுவான்கரையான்:

தம்பி, அரசாங்கம் வாங்கினது உண்மை, அது 1952இல். அதுவரை பிரபு மான்வர்ஸ் குடும்பத்தின் நிலம், அவர்கள் விற்கும்போது விவசாய அமைச்சு வாங்கியது. 1981இல் முடியின் நிலச்சொத்து நிர்வாகத்துக்குக் கைமாறி, 2020இல் அதே குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. கும்பிடச் சொல்லவில்லை. அங்கே இப்போது மாட்டு உழவு கிடையாது, பெரிய டிராக்டர்தான். அது திரும்ப வசதியாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள். திறந்த வயலாக மிச்சமிருப்பதும் சுமார் 480 ஏக்கர்தான், பழைய அளவில் ஒரு பகுதி.

அது தப்பினதற்குப் பக்தி காரணமில்லை. ஊரில் மான்வர்ஸுக்கு அடுத்தபடி ஸ்கார்பரோ பிரபுவுக்கும் நிறைய நிலம் இருந்தது. இரண்டு பெரிய கைகளும் சேர்ந்து இணக்கத்துக்கு வந்தால்தான் முழுவதையும் அடைக்கலாம். அது நடக்காமலே காலம் போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டு வந்தபோது வித்தியாசமான ஊர் என்று ஆட்கள் பார்க்க வரத் தொடங்கிவிட்டார்கள்.

வரலாறு வேண்டுமென்றால் 1635ஆம் ஆண்டு வரைபடத்தைப் பாருங்கள். மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் துண்டு துண்டாக அளந்து, உழுகிற ஆட்களையும் மாடுகளையும்கூட வரைந்திருக்கிறார். மூலம் ஒக்ஸ்போர்டில் பொட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வரையச் சொன்னவர் சேர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் வியாபாரி. பார்படோஸில் ஆங்கிலக் குடியேற்றத்துக்குக் காசு போட்ட அதே ஆள். விவசாயிக்காக அல்ல, வாங்கின சொத்தில் எவ்வளவு வரும் என்று அறியத்தான் அளப்பித்திருப்பார் என்பது என் எண்ணம். நில அளவை எங்கேயும் அப்படித்தான்.

வெள்ளவத்தை வாசி:

அண்ணை, மெத்தப் பெரிய உதவி. ஜூரி நாளுக்கே போகலாம் என்று மருமகளுக்கு இப்போதே செய்தி அனுப்பிவிட்டேன். மேடும் தேவாலயமும் பார்க்க வேண்டுமா? என்ன சப்பாத்து போடுவது?

படுவான்கரையான்:

மேடு ஊருக்கு வடக்கே. நோர்மன் காலத்து மண்கோட்டை, ஷேர்வுட் காட்டின் காவல் அதிகாரம் அங்கிருந்துதான் நடந்தது. கல் ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் மேலே நின்றால் ஊரின் கிடப்பு ஒரு பார்வையில் விளங்கும். புனித மைக்கேல் தேவாலயத்தில் எவரிங்ஹாம் குடும்பத்துக் கல் உருவங்களோடு ஓக் மரத்தில் செதுக்கின ஒரு பெண் உருவமும் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

ஜூரி நாளின் திகதி வருடத்துக்கு வருடம் மாறும், முதலில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். சப்பாத்து என்றால் முழங்கால்வரை வருகிற றப்பர் பூட்ஸ்தான். அந்தச் சிவப்புக் களி ஒட்டினால் விடாது. திரும்பும்போது பூட்ஸைக் காருக்குள் போட இரண்டு சொப்பின் பையும் எடுத்துப் போங்கள், மருமகளின் கார் என்றால் கட்டாயம்.