காஷ்மீர்ல தடை போட்ட புத்தகம் நம்ம படிப்பக ரேக்குல இருக்கலாமா?

கொருக்கு_படிப்பகம்:
எல்லாருக்கும் வணக்கம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் நாங்க நடத்துற படிப்பகத்தை இங்க சில பேருக்குத் தெரியும். பத்துக்குப் பன்னெண்டு ரூம், ரெண்டு இரும்பு ரேக்கு, சாயங்காலம் தெருப் பசங்க வந்து உக்காந்து படிப்பாங்க.

விஷயம் இதுதான். 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி ஜம்மு காஷ்மீர் உள்துறை 25 புத்தகங்களுக்குத் தடை போட்டு ஒரு பட்டியல் விட்டாங்க. பொய்யான வரலாறு சொல்லுது, பிரிவினையைத் தூண்டுதுன்னு காரணம். அருந்ததி ராய், ஏ.ஜி. நூரானி எழுதினது எல்லாம் அதுல இருக்கு. அங்க புத்தகக் கடைகள்ல போலீஸ் புகுந்து தேடினாங்க. அந்தப் பட்டியல்ல இருக்கிற ரெண்டு புத்தகம் எங்க ரேக்குல இருக்கு. காலேஜ் பையன் ஒருத்தன் படிச்சிட்டுக் குடுத்தது.

போன வாரம் கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் இதை யூடியூப்ல பார்த்துட்டு வந்து, ரெண்டையும் முதுகு உள்ள போற மாதிரி திருப்பி வெச்சிட்டாரு. மத்த எல்லாத்துக்கும் பேரு தெரியுது. அந்த ரெண்டு மட்டும் பக்க ஓரத்தைக் காட்டிக்கிட்டு சுவரைப் பார்த்து நிக்குது. பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேக்கல. எடுத்துடணுமா, இருக்கலாமா? என்னைக் கேட்டா, இப்படிப் பட்டியல் போடுற உரிமை எந்த அரசாங்கத்துக்கும் இருக்கக் கூடாது.

தம்புசெட்டி_தெரு:
தம்பி, முதலில் சட்டம். நான் முப்பது வருடம் கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருந்தவன், அரசாங்கக் காகிதம் படித்தே கண் போனவன். அந்த உத்தரவு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 98ஆவது பிரிவில் போட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 95. மாநில அரசு அரசிதழில் அறிவித்துவிட்டால், இந்தியாவில் எங்கே அந்தப் பிரதி இருந்தாலும் போலீஸ் பறிமுதல் செய்யலாம் என்பதுதான் வாசகம். ஆகவே கொருக்குப்பேட்டைக்கும் பொருந்தும். ஆனால் அந்தப் பிரிவில் இருப்பது பறிமுதல் மட்டும். வைத்திருந்தவருக்கு அதில் தண்டனை இல்லை. ஆட்சேபம் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இனி என் கருத்து. பட்டியலே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. எழுதிப் போட்ட தடையை எதிர்த்து வழக்குப் போடலாம், எழுதாத தடையை யாரிடம் போய்க் கேட்பது? 'மாதொருபாகன்' நாவல் எழுதிய பெருமாள்முருகனுக்கு என்ன ஆயிற்று? 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய ஓர் 'அமைதிக் கூட்டம்'. எந்தத் தடை உத்தரவும் கிடையாது, அரசிதழ் கிடையாது. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலைக்குத் தள்ளினார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வந்துதான் அந்தக் கூட்டத்தில் செய்துகொண்ட ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. காகிதத்தில் இருந்திருந்தால் முதல் வாரமே வழக்குப் போட்டிருக்கலாம்.

வியாசை_பர்மா_பேரன்:
ஐயா சொன்ன 'இந்தியாவில் எங்கே இருந்தாலும்' அந்த வார்த்தையிலதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. இது புதுசு இல்ல. 1928ல பாரதியார் பாட்டுப் புத்தகத்தை முதல்ல தடை பண்ணது யாரு? பர்மா அரசாங்கம். எங்க ஆயா பொறந்த ஊரு. அப்போ பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ளதான் இருந்துச்சு. அங்க போட்ட தடையைப் பிடிச்சிக்கிட்டு சென்னை அரசாங்கமும் இங்க பறிமுதல் பண்ணுச்சு. பாரதி செத்து 7 வருஷம் ஆச்சு, பாட்டைப் பிடிச்சிக்கிட்டு போறாங்க. சட்டமன்றத்துல சத்தியமூர்த்தி எழுந்து கேட்டாரு. ரங்கூன்ல யாரோ ஒரு ஆபீசர் போட்ட கையெழுத்து மெட்ராஸ்ல பாட்டை நிறுத்துச்சு. இன்னைக்கு ஸ்ரீநகர்ல போட்ட கையெழுத்து கொருக்குப்பேட்டை ரேக்குல புத்தகத்தைத் திருப்பி வெக்குது. சட்டத்தோட நம்பர்தான் மாறியிருக்கு. அப்போ 99ஏ, அப்புறம் 95, இப்போ 98.

கொருக்கு, அந்தப் புத்தகத்தை நேரா வை.

புளியந்தோப்பு_வாணி:
நீங்க எல்லாம் பாரதியாரு, அருந்ததி ராய்னு பேசுறீங்க. எனக்கும் புத்தகத்தைத் தடை பண்றது பிடிக்காது. ஆனா 'எந்தத் தடையும் கூடாது'ன்னு சொல்றவங்க எங்க ஹவுசிங் போர்டுக்கு ஒரு தடவை வந்து பாருங்க.

என் அக்கா பையன், 17 வயசு. மொட்டை மாடில பர்த்டேக்கு பட்டாக்கத்தியால கேக்கு வெட்டி, செத்துப்போன ஒரு ரவுடி பேர்ல எவனோ பாடின பாட்டைப் போட்டு ரீல்ஸ் விட்டான். பாட்டுல எதிர் ஏரியா பசங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுது. அவங்க அதைப் பார்த்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு காதுல இருந்து தோள்பட்டை வரைக்கும் இழுத்துட்டாங்க, 23 தையல். இன்னைக்கும் அவனால கழுத்தை முழுசா திருப்ப முடியாது, யாராவது கூப்பிட்டா உடம்போட சேர்த்துத்தான் திரும்புறான். பையன் ஆஸ்பத்திரில கிடந்தப்பவும் அந்த வீடியோ ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நானே நாலு தடவை ரிப்போர்ட் பண்ணேன், ஒருத்தனும் எடுக்கல.

அந்த மாதிரி பாட்டையும் வீடியோவையும் அரசாங்கம் லிஸ்ட் போட்டுத் தூக்கணும். எனக்கு வேற வழி தெரியல.

வலைக்காரன்_காசிமேடு:
வாணிக்கா, பையனுக்கு நடந்தது கொடுமை. அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா பாட்டை லிஸ்ட் போடுறதுன்னு வந்தா முதல்ல மாட்டுறது யாருன்னு நான் சொல்றேன்.

எங்கப்பா சாவு வூட்ல கானா பாடினவரு. ஆர்மோனியப் பெட்டி வெச்சிருந்தாரு. துருத்தி கிழிஞ்சி, அம்மாவோட பழைய புடவைத் துண்டை கோந்து போட்டு ஒட்டியிருப்பாரு. வாசிக்கும்போது அந்தத் துண்டு மட்டும் மூச்சு வுடுற மாதிரி ஏறி இறங்கும். அந்தப் பெட்டியையே ஆல் இந்தியா ரேடியோவுல 1940ல இருந்து 1971 வரைக்கும் ஒதுக்கி வெச்சிருந்தாங்க. வெளிநாட்டுப் பெட்டி, சுரத்தை வளைச்சுப் பாடுற நம்ம கமகம் அதுல வராதுன்னு காரணம். முப்பத்தோரு வருஷம்! சாவு வூட்ல, கோயில் பஜனைல, நாடகத்துல ஜனங்க வாசிச்சிக்கிட்டே இருந்தாங்க, ரேடியோவுக்கு மட்டும் கேக்கல.

அப்புறம் 90கள்ல ராயபுரத்துல அப்பா ஃபிரெண்டு கேசட் கடை போட்டிருந்தாரு. ஒரு நாள் ஒரு அதிகாரி வந்து கானா கேசட் ஒரு அட்டைப்பெட்டி நிறைய எடுத்துக்கினு போயிட்டாரு. எந்தப் பாட்டு தப்பு, எந்த லிஸ்ட்ல கீதுன்னு கேட்டதுக்கு 'லிஸ்ட் எங்கிட்ட இருக்கு'ன்னாரு. ஒரு துண்டுச் சீட்டு குடுக்கல. அந்தக் கேசட் திரும்பி வரவே இல்ல. அதுல பாதி செத்தவங்க பேர்ல அவங்க வூட்டுக்காரங்க கேட்டு பாட வெச்ச பாட்டு. வேற எங்கயும் காப்பி கிடையாது.

தம்புசெட்டி_தெரு:
காசிமேட்டுத் தம்பி சொன்னதுதான் என் வாதமும். அந்த அதிகாரியிடம் இருந்தது பட்டியல் இல்லை, வாய்வார்த்தை. அச்சில் வந்த பட்டியல் என்றால் காரணத்தையும் எழுதியாக வேண்டும். பெரியாரின் ராமாயண நூலின் இந்தி மொழிபெயர்ப்பை உத்தரப்பிரதேச அரசு 1969இல் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு போனது. 1976இல் உச்ச நீதிமன்றம், ஏன் தடை என்ற அடிப்படையைச் சொல்லாத உத்தரவு செல்லாது என்று சொல்லிவிட்டது. சட்டத்தில் அந்தக் கட்டாயம் இருந்ததால்தான் நூல் பிழைத்தது.

வலைக்காரன்_காசிமேடு:
ஐயா, உங்க தொழில்லயே ஒண்ணு கேக்குறேன். சல்மான் ருஷ்டியோட 'சாட்டானிக் வெர்சஸ்' நாவலை 1988 அக்டோபர்ல கஸ்டம்ஸ் வழியா இறக்குமதித் தடை பண்ணாங்க. அச்சுல போட்ட தடைதானே? டெல்லி ஹைகோர்ட்டுல ஒருத்தர் வழக்குப் போட்டு அந்த நோட்டிபிகேஷனைக் காட்டுங்கன்னு கேட்டா, எந்த டிபார்ட்மென்ட்டாலயும் எடுத்துக் குடுக்க முடியல. 2024 நவம்பர்ல கோர்ட்டு, அப்படி ஒண்ணு இல்லைன்னுதான் எடுத்துக்கணும்னு முடிச்சிடுச்சு. 36 வருஷம் அந்தப் புத்தகம் துறைமுகம் தாண்டி வராததுக்குக் காரணமான காகிதத்தையே காணோம். காகிதத்துல இருந்தா காப்பாத்தும்னு எப்படி நம்புறது?

தம்புசெட்டி_தெரு:
அது வெட்கக்கேடு. மறுக்கவில்லை. இத்தனை காலம் தடையில் இருந்ததன் மூலக் காகிதத்தை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை என்பது எங்களைப் போல அந்த வேலையில் இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் வெட்கம்.

வியாசை_பர்மா_பேரன்:
இன்னொண்ணு சேர்த்துக்கோங்க ஐயா. புலவர் குழந்தையோட இராவண காவியம் 1946ல வந்துச்சு, 1948ல தடை, 1971லதான் தடை நீங்குச்சு. ஆட்சி மாறினதாலதான் நீங்குச்சு. நடுவுல 23 வருஷம். 1948ல 15 வயசுல இருந்தவருக்கு 38 வயசு ஆகியிருக்கும். போட்ட தடையை வருஷா வருஷம் எடுத்துப் பார்க்கிற ஆளு எந்த ஆபீஸ்லயும் இல்ல. எனக்கு அதுதான் பெரிய குறை.

கொருக்கு_படிப்பகம்:
வாணி அக்கா, நீங்க சொன்னதை ரெண்டு நாளா யோசிச்சிட்டு எழுதுறேன். கொலை மிரட்டல் இன்னைக்கும் குற்றம்தான். அந்த ஒரு வீடியோ, அதைப் போட்டவன், அதுல பேர் சொல்லி மிரட்டினவன், இவங்க மேல நடவடிக்கை எடுக்கணும். எடுக்காம விட்டது தப்பு. ஆனா லிஸ்ட் போட ஆரம்பிச்சா அது அந்த வீடியோவோட நிக்காது. 2020 ஜூன்ல 59 ஆப் தடை பண்ணாங்க, டிக்டாக் போச்சு. பசங்க கத்தியைக் கீழ போட்டாங்களா? அடுத்த மாசமே ரீல்ஸ் வந்துடுச்சு.

2025 பிப்ரவரில விகடன்ல பிரதமர் பத்தி ஒரு கேலிச்சித்திரம் வந்துச்சு. அந்த ஒரு படத்துக்காக மொத்த வெப்சைட்டையும் முடக்குனாங்க. சமையல் குறிப்பு, ஜோசியம், பழைய கட்டுரை எல்லாம் சேர்ந்து போச்சு. மார்ச்ல ஹைகோர்ட், அந்தப் படத்தை மட்டும் இப்போதைக்கு எடுத்துட்டு மத்ததைத் திறந்து விடுங்கன்னு சொன்ன பிறகுதான் வந்துச்சு. இன்டர்நெட்ல முடக்குறதுக்கு இருக்கிறது ஐ.டி. சட்டம், அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 69ஏ பிரிவு. அதுக்கான 2009 விதில, வர்ற புகாரையும் எடுக்கிற நடவடிக்கையையும் ரகசியமா வெக்கணும்னு எழுதியிருக்கு. ராயபுரத்துல 'லிஸ்ட் எங்கிட்ட இருக்கு'ன்னு சொன்னாரே, அதையே விதியா எழுதி வெச்சிருக்காங்க.

புளியந்தோப்பு_வாணி:
தம்பி, 'அந்த ஒரு வீடியோவை எடுக்கணும்'னு நீயும் சொல்ற. எடுக்கச் சொல்லி ஆர்டர் போட்டா அதுவும் தடைதானே? அதே பாட்டை நூறு பேர் போட்டா நூறு ஆர்டரா? நான் ஒவ்வொண்ணா தேடித்தேடி ரிப்போர்ட் பண்ணிக்கிட்டே இருக்கணுமா? கோர்ட்டு, மூணு ஜட்ஜு எல்லாம் படிச்சவங்களுக்கு. எங்களுக்கு ரெண்டு மாசத்துல எல்லாம் முடிஞ்சிடும்.

ரகசியமா வெக்கக் கூடாதுன்னு சொல்றது சரி. யார் சொல்லி, எதுக்காக எடுத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியணும். அதை ஒத்துக்கிறேன்.

வலைக்காரன்_காசிமேடு:
அக்கா கேட்ட 'நூறு ஆர்டரா' கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா அந்த லிஸ்ட்ட எழுதுறவனுக்கு எங்கப்பா பாட்டுக்கும் அந்த ரவுடிப் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டும் கானா, ரெண்டுலயும் செத்தவன் பேரு. சேர்த்து அள்ளிடுவான். எனக்குப் பயம் அதுதான்.

தம்புசெட்டி_தெரு:
கொருக்குத் தம்பிக்கு ஒரு நடைமுறை யோசனை. புத்தகத்தை ஒளித்து வைக்காதீர்கள், திருப்பியும் வைக்காதீர்கள். ஒளித்து வைத்தால் தப்புச் செய்தவன் போல ஆகிவிடும். யாராவது வந்து எடுத்தால் சண்டை போடாமல் கொடுத்துவிட்டு, பறிமுதல் மகஜர் கேட்டு வாங்குங்கள். எந்த உத்தரவு, எந்தத் தேதி, எத்தனை பிரதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தை விடவே விடாதீர்கள்.

கொருக்கு_படிப்பகம்:
ரொம்ப நன்றி ஐயா. பெரியவர்கிட்டயும் பேசினேன். அவருக்கும் அந்தப் புத்தகங்கள் மேல கோபம் இல்ல, பசங்களுக்கு ஏதாவது ஆகிடுமோன்னுதான் பயம். எங்க லாங் சைஸ் நோட்டுல அந்த ரெண்டையும் எடுத்துட்டுப் போன நாலு பசங்க பேரு, வீட்டு நம்பரோட இருக்கு. அதை நினைச்சுத்தான் அவர் ராத்திரி தூங்கலையாம். இனிமே திருப்பிக் குடுத்ததும் பேரை அடிச்சிடுறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். புத்தகத்தை இன்னைக்குச் சாயங்காலம் நேரா வெச்சிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல 10 மணிக்குக் கமிட்டி கூடுது. வாணி அக்கா, நீங்க அவசியம் வரணும். வீடியோ விஷயத்தைப் பசங்க முன்னாடியே பேசலாம்.

புளியந்தோப்பு_வாணி:
வரேன் தம்பி. அக்கா பையனையும் கூட்டிட்டு வரேன். ஆனா நான் சொன்னது சொன்னதுதான், அதை அங்கயும் சொல்லுவேன்.