வேலந்தாவளம் தாண்டி 12 சென்ட்: வாங்கலாமா?

சூலூர் தறிக்காரன்

வணக்கம். கையில் 11 லட்சம் இருக்கிறது. சீட்டு, நகை தவிர இதுவரை எதிலும் பணம் போட்டதில்லை. வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, பாலக்காடு மாவட்டத்துக்குள் 12 சென்ட் காட்டினார்கள். சென்ட் 75 ஆயிரம். நம்ம பக்கம் இதே மாதிரி இடம் இரண்டு லட்சத்துக்குக் குறைவாகக் கிடைக்கவில்லை. தார் ரோட்டை ஒட்டி, நாலைந்து தென்னையோடு பார்க்க நன்றாக இருக்கிறது. மூன்று வருஷம் வைத்திருந்து விற்கலாம் என்று நினைப்பு. புரோக்கர் ஞாயிற்றுக்கிழமைக்குள் 2 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார், ரொக்கமாக. பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது, எனக்குப் படிக்க வராது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பத்திர எழுத்தர் மகள்

ரொக்கம் வேண்டவே வேண்டாம். இடம் விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. நாளைக்குத் தகராறு வந்தால் கொடுத்ததற்கு உங்களிடமும் அத்தாட்சி இருக்காது. விற்பது சொந்தக்காரரா, பவர் வாங்கியவரா? பவர் என்றால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அவர் போனால் பவரும் போச்சு. செலவுக்கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். கேரளாவில் முத்திரை 8, பதிவு 2, ஆக 10 சதவீதம். உங்கள் 11 லட்சத்தில் மிச்சம் அதிகம் இருக்காது.

க.க.சாவடிக்காரன்

தம்பி, படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. 2014-ல் நானும் அந்தப் பக்கம்தான் 18 சென்ட் வாங்கினேன். பாதி மாமனார் பணம், அதனால் வீட்டில் பேச்சு இன்னும் ஓயவில்லை.

எனக்கும் மலையாளம் தெரியாது. புரோக்கர் ஆதாரத்தை விரித்து (பத்திரத்துக்கு அங்கே அதுதான் பெயர்) ஒரு வரியில் விரலை வைத்து, "பாருங்க, நிலம்னு தெளிவா போட்டிருக்கு" என்றார். நிலம் வாங்கப் போனவனுக்கு அதில் என்ன சந்தேகம் வரும்? தலையாட்டிவிட்டு வந்தேன். கேரள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டுகிற மாதிரி இடத்துக்கு அவர்கள் எழுதுவது புரயிடம். உங்களுக்கு விலை பாதிக்கும் கீழே தெரிவது அந்த ஒரு சொல்லால் இருக்கலாம்.

2008-ல் அங்கே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி வயல்களைப் பட்டியல் போட்டிருக்கிற டேட்டா பேங்க்கில் இடம் ஏறிவிட்டால் மண் கொட்டவோ கட்டடம் எழுப்பவோ விடமாட்டார்கள். பார்க்கக் காய்ந்த காடாக இருந்தாலும், தென்னை நின்றாலும் அதே கதைதான்.

2018-ல் என் இடத்தை வாங்க ஒருவர் வந்தார். விவரமானவர். கரம் (நிலவரி) கட்டின ரசீதை வாங்கிப் பார்த்தார், கிருஷிபவனுக்கு (அங்கத்திய வேளாண்மை ஆபீஸ்) போனார், அப்புறம் என் போனையே எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. டேட்டா பேங்க்கிலிருந்து நீக்கச் சொல்லி வருவாய்க் கோட்ட ஆர்.டி.ஓ.வுக்கு ஃபாரம் 5 கொடுத்தேன். கிருஷி ஆபீசர் ரிப்போர்ட், 2008-ல் இடம் எப்படி இருந்தது என்று செயற்கைக்கோள் படம், எல்லாம் வந்தது. என் தென்னைகள் 2010-க்குப் பிறகு வைத்தவை. படத்தில் பச்சைப் பசேல் என்று வயல்! மனு தள்ளுபடி. இப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதில் மாட்டுக்குச் சோளத்தட்டு போடுகிறார். ஓணத்துக்கு ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவருவார். நான் பார்த்த வட்டி அவ்வளவுதான்.

"10 சென்ட் வரை வயலிலும் கட்டலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகை, மாவட்டத்தில் வேறு தகுந்த இடம் இல்லாத வயல்காரர் தான் குடியிருக்கக் கட்டுவதற்கு, அதுவும் கமிட்டி ஒப்புக்கொண்டால். வாங்கி விற்கிற நமக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுங்கள். சர்வே நம்பரும் கரம் ரசீது நகலும் வாங்கிக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போய், அடிப்படை வரிப் பதிவேட்டில் (பி.டி.ஆர். என்பார்கள்) என்ன வகை என்று கேளுங்கள். அப்புறம் கிருஷிபவனில் டேட்டா பேங்க். பி.டி.ஆரில் மட்டும் நிலம், டேட்டா பேங்க்கில் இல்லை என்றால் வகையை மாற்ற ஃபாரம் 6 என்று ஒரு வழி உண்டு. ரெண்டிலும் இருந்தால் வண்டியைத் திருப்புங்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் பக்கம் ஒரு வக்கீலை நீங்களே பிடியுங்கள், புரோக்கர் கூட்டி வருகிறவர் வேண்டாம்.

பத்திர எழுத்தர் மகள்

அண்ணா சொன்னதோடு ஒன்று. நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் எல்லாம் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். அங்கீகாரம் இல்லாத மனையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மலையை ஒட்டிய கிராமம் என்றால் ஹாக்கா (மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதியும் கேளுங்கள். தேவை இல்லாவிட்டாலும் பேங்க்கில் லோன் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வக்கீல் மறுத்தால் ஏன் என்று விசாரியுங்கள்.

சூலூர் தறிக்காரன்

இன்றைக்கு புரோக்கருக்கு போன் போட்டு, நிலமா புரயிடமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதெல்லாம் மாத்திக்கலாம்ங்க, நம்ம ஆள் இருக்காரு" என்றார்.

க.க.சாவடிக்காரன்

மாற்றின பேப்பரோடு வரச் சொல்லுங்கள். அப்போது புரயிடம் விலையே பேசிக்கொள்ளலாம். அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடவில்லையே?

சூலூர் தறிக்காரன்

இல்லைங்கண்ணா. டீக்காசு மட்டும்தான்.