ஆகாயத்தாமரையை அள்ளுறது சரியா?

குளத்துமேடு:
எங்க ஊர்க் குளத்துல ஜேசிபி வெச்சு ஆகாயத்தாமரையை அள்ளிட்டு இருக்காங்க. சாயக் கழிவு வந்து சேர்ற குளமுங்க அது. குரோமியத்தையே அந்த வேர் உறிஞ்சும்னு படிச்சிருக்கேன். சும்மா கிடைச்ச சுத்திகரிப்பு நிலையத்தை எதுக்குப் பிடுங்கணும்?

நொய்யல்வாசி:
உறிஞ்சுது, சரி. அப்புறம் எங்க போகும்? குரோமியம் தனிமம். எந்தச் செடியாலும் அதை உடைக்க முடியாது. வேருக்குள்ள போய் நச்சு குறைஞ்ச வடிவத்துக்கு மாறும், அவ்வளவுதான். செடி அழுகினா மறுபடி சேத்துக்கே. அள்ளினாத்தான் அந்த உலோகம் குளத்தை விட்டு வெளிய வரும். அதைப் போய்த் தடுக்கறீங்க!

குளத்துமேடு:
உலோகத்தை விடுங்க. கொல்கத்தாவுக்குக் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம், 2002-ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட பட்டியல்ல சேர்ந்தது. சாக்கடைத் தண்ணியிலயே மீன் வளர்க்கறாங்களே?

சம்புக்காடு:
அங்க தண்ணியைச் சுத்தம் பண்ற வேலையைப் பெரும்பாலும் செய்யறது வெயில், பாசி, பாக்டீரியா. ஆகாயத்தாமரையைக் கரை அரிக்காம இருக்க ஓரமா மட்டும் விடுவாங்க. செடிக்கும் பங்கு இல்லாம இல்ல. சில பூச்சிக்கொல்லிகள் உள்ள போனா நொதிகள் அதை மாத்தி, குளுட்டாதயோன்னு செல்லுல இருக்கற ஒரு சின்ன மூலக்கூறோட கட்டி, செல்லுக்குள்ள ஒரு பையில பூட்டிடும். மிரியோஃபில்லம்னு ஒரு நீர்ச்செடி டிஎன்டி வெடிமருந்தையே சிதைக்குது. ஆனா கரிமக் கழிவைத் தின்னுறது முக்கியமா வேர்ல ஒட்டியிருக்கற நுண்ணுயிர்கள்தான். சம்பும் நாணலும் தண்டு வழியா வேருக்குக் காத்து இறக்கும், அந்த நுண்ணுயிர்களுக்கு அது போதும். ஆகாயத்தாமரை குளத்தை முழுசா மூடினா தலைகீழ்: தண்ணியில ஆக்சிஜன் செத்து மீனும் சாகும்.

(மூலிகைப் புத்தகத்து ஆகாயத்தாமரை வேற செடிங்க. இது தென் அமெரிக்காவுல இருந்து வந்த வெங்காயத்தாமரை. பேர்ல ஏமாறாதீங்க.)

நொய்யல்வாசி:
சாயத் தண்ணியில உப்பு இருக்கே, அதை யாருமே பேசல. திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆத்துல ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்குன்னு 1992-ல கட்டினாங்க, கடைசியில சாயக் கழிவுதான் தேங்குச்சு. 2011-ல சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு உப்பை எந்தத் தாமரை தின்னும்? உப்பு கூடினா அதுவே கருகிடும்.

குளத்துமேடு:
சரி, அள்ளட்டும். ஆனா அள்ளினதைக் கரையிலயே குவிச்சு வெச்சிருக்காங்க. ஒரு மழை பெய்ஞ்சா?

நொய்யல்வாசி:
இங்கயும் அதே கூத்துதான். போய்ச் சண்டை போடுங்க, நானும் வர்றேன். அதுவரைக்கும் யாரும் அதை மாட்டுக்குப் போடாம, மண்புழு உரத்துக்கு எடுக்காம பாத்துக்கோங்க.