பாறு இறங்கினதை நேர்ல பார்த்தவங்க இருக்கீங்களா?

சீகூர் ஜீப்:
மசினகுடியில ஜீப் ஓட்டுறேன். பாறுன்னா செத்ததைத் தின்னுற பிணந்தின்னிக் கழுகு, நேரா வரேன். சிறியூர் பக்கம் செந்நாய்க் கூட்டம் ஒரு புள்ளிமானை அடிச்சு, பாதி தின்னுட்டு நகர்ந்திருந்தது. முதல்ல ஒரு செந்தலைப் பாறு இறங்குச்சு. அது பெரும்பாலும் தனியா, இல்லன்னா ஜோடியாத்தான் வரும். நடந்து போய் கண்ணுல கொத்தினப்ப வானத்துல வேற ஒண்ணுமே இல்ல. திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள வெண்முதுகுப் பாறு வட்டம் போடுது. ஒண்ணு இறங்குறதைப் பார்த்து இன்னொண்ணு வருதுங்க. இறக்கையைத் திருப்பி இறங்குற சத்தம் லாரி தார்ப்பாயை உதறின மாதிரி. கழுத்தை உள்ள விட்டு இழுக்க இழுக்க, செத்த மான் உசிரோட அசையுற மாதிரியே தெரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல எலும்பும் கொம்பும்தான் மிச்சம்.

என்னை அரிக்கிறது அது இல்ல. பக்கத்து நீர்மருது மரத்துல ஒண்ணு மட்டும் இறங்கவே இல்ல. கழுத்தை அப்படியே கீழ தொங்க விட்டு உக்காந்திருந்தது. கீழ அவ்வளவு சண்டை நடக்குது, தலையைத் தூக்கலை. வண்டியில இருந்தவங்க நாத்தம் தாங்கலை, போலாம்னாங்க. மறுநாள் போய்ப் பார்த்தேன். மரத்துலயும் இல்ல, அடியிலயும் இல்ல. இப்படி யாராவது பார்த்திருக்கீங்களா?

கழுக்குன்றம் பொண்ணு:
நான் பார்த்தது காட்டுல இல்ல, திருக்கழுக்குன்றம் மலைக்கோயில் பாறையில. உச்சி நேரத்துக்கு இரண்டு கழுகு வரும், அதுவும் ஒரு வகைப் பாறுதான், சர்க்கரைப் பொங்கல் வைப்பாங்க. ரெண்டு முனிவர்தான் கழுகா வர்றாங்கன்னு கதை. எங்க அப்பா என்னைத் தோள்ல தூக்கி வச்சிருந்தார். சாமி மாதிரி பெருசா ஏதோ வரப்போகுதுன்னு நினைச்சா, அழுக்கு வெள்ளையில மஞ்சள் மூஞ்சியோட கோழியை விடக் கொஞ்சம் பெருசா ஒண்ணு வந்து நின்னுச்சு. பூசாரி கையால கொடுத்ததை வாங்கித் தின்னுட்டு, அலகைப் பாறையில இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை துடைச்சுது. கூட்டமே கன்னத்துல போட்டுக்கிச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அப்பா தொடையில கிள்ளினார்.

98 வாக்குல வர்றது நின்னு போச்சுன்னு ஊர்ல சொல்வாங்க. கலி முத்திடுச்சு, அதான் வரலைன்னு ஆளாளுக்குக் கதை. இப்ப எங்க பெரியம்மா கூட அதைத்தான் சொல்றாங்க.

பட்சி:
கலி எல்லாம் இல்லைங்க, டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு வலி ஊசியாப் போட ஆரம்பிச்சது தொண்ணூறுகள்ல. ஊசி போட்ட மாடு ரெண்டொரு நாள்ல செத்து, அதைப் பாறு தின்னா சிறுநீரகம் போயிடும். யூரிக் அமிலம் வெளியே போக வழியில்லாம ஈரல், இதயம் மேல எல்லாம் வெள்ளையாப் படியும். பாகிஸ்தான்ல செத்த பறவைகளை அறுத்துப் பார்த்து 2004ல கண்டுபிடிச்சாங்க. 1992லிருந்து 2007க்குள்ள இந்தியாவுல வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு ஆயிடுச்சு. நூறு சடலத்துல ஒண்ணுக்கும் குறைவா மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும்னு கணக்குப் போட்டிருக்காங்க. ஏன்னா ஒரு மாட்டுல ஐம்பது அறுபது பறவை சேர்ந்து தின்னும். இதுங்க வருஷத்துக்கு ஒரு முட்டைதான் வைக்கும், அஞ்சு வயசுக்கு மேலதான் ஜோடி சேரும். செத்த வேகத்துக்கு எப்படி ஈடு கட்டும்?

ஜீப் அண்ணா, நீங்க பார்த்த கழுத்துத் தொங்கல் அந்த விஷத்தோட அறிகுறிதான். ராஜஸ்தான் பரத்பூர் சரணாலயத்துலயும் அப்படித்தான் தொங்கவிட்டு உக்காந்து, அப்புறம் விழுந்துச்சாம்.

தாளவாடி மணி:
தம்பி, கழுத்தைத் தொங்கப் போட்டா விஷம்னு எப்படிச் சொல்றீங்க? சித்திரை வெயில்ல நல்லா இருக்கிற பாறும் அப்படித்தானுங்க உக்காந்திருக்கும். நான் மாடு மேய்ச்சவன், படிச்சுட்டுச் சொல்லல.

என்னோடதைச் சொல்றேன். எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் பசுவைப் புலி அடிச்சுப் போட்டுச்சு. கறவை மாடுங்க. வீட்டுல பொம்பளைங்க அழுகறாங்க. நாங்க போய்ப் பார்க்கறப்போ தொடைக்கறி காணோம், மடி அப்படியே இருக்குது. அவரு வீட்டுக்குப் போயி கத்தரிக்காய்க்குப் போடுற குருணைப் பூச்சி மருந்துப் பாக்கெட்டோட வந்தாரு. திரும்ப வந்து திங்கும்ல, தின்னு சாகட்டும்னு. புலி வரல. அடுத்த நாள் காக்கா, ரெண்டு நாயி, அதுக்கு அந்தப் பக்கம் மூணு பாறு. ஒண்ணு காலை மட்டும் இழுத்துக்கிட்டு இருந்துச்சு. அவரு அதைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசல, மம்பட்டி எடுத்துட்டு வந்து குழி வெட்டுனாரு.

நஷ்டஈடுக்கு எழுதிக் குடுத்தது வர்றதுக்குள்ள அடுத்த மாடு கன்னு போட்டுருச்சு. அதனால பாறுகளைக் காப்பாத்துங்கன்னு மாடு போன வீட்டுல வந்து நோட்டீஸ் குடுக்காதீங்க. பணத்தைச் சீக்கிரம் குடுங்க, எவனும் குருணை போட மாட்டான்.

நெட்டூர் நெல்லையப்பன்:
எல்லாம் செல்போன் டவர். சிட்டுக்குருவிக்கும் அதுதான். மருந்துக் கம்பெனி மேல பழி போடறது ஃபேஷன்.

பட்சி:
பாறு கூட்டம் கூட்டமாச் செத்தப்ப நம்ம ஊர்ல எத்தனை பேர் கையில செல்போன் இருந்துச்சு? கூண்டுல வச்சிருந்த பாறுகளுக்கு அந்த மருந்து சேர்ந்த கறியைக் கொடுத்துப் பார்த்தாங்க, அதே மாதிரி செத்துச்சு. அந்தக் கூண்டுக்குள்ள டவரா இருந்தது?

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்:
வணக்கம். என் அனுபவம் சுருக்கமானது. ஒரு சந்தைப்பேட்டை மருந்துக்கடை. முன்னால் நின்ற பெரியவர் "மாட்டுக்குக் காய்ச்சல், அந்தப் பெரிய பாட்டில் குடு" என்றார். கடைப்பையன் பெயர்கூடக் கேட்கவில்லை, மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் ஊசி மருந்தில் முப்பது மில்லி பாட்டிலை எடுத்து வைத்தான். கால்நடைக்கு அது 2006லேயே தடை செய்யப்பட்டது. நான் கேட்டபோது, "சார், அது மாட்டுக்கு இல்ல, அவருக்கு" என்றான். பெரியவர் சிரித்துவிட்டார். முப்பது மில்லியை எந்த மனிதனுக்குப் போடுவார்கள்?

இப்போது மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை. மனித உபயோக டைக்ளோஃபெனாக் ஊசியை 2015 முதல் மூன்று மில்லி அளவில்தான் விற்க வேண்டும், ஆகவே பெரிய பாட்டில் நீட்டினால் வாங்காதீர்கள். பாறுக்கு ஆகாத வேறு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023ல் கால்நடைக்குத் தடை. மாட்டின் உடம்புக்குள் போன அசிக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்பதால் அது வேறு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிமிசுலைடும் அதற்குப் பிறகு பட்டியலில் சேர்ந்துவிட்டது. அவற்றுக்குப் பதில் மெலாக்சிகாம் கேளுங்கள், டால்ஃபினாமிக் அமிலமும் பாறுக்குப் பாதுகாப்பானது. "அது போட்டா சட்டுன்னு எந்திரிக்காது" என்பார்கள். சட்டென்று எழுந்த மாடு மறுநாள் படுத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன், வலி போனால் நோய் போனதாக அர்த்தமில்லை. மடிவீக்கமா, அடைப்பானா (ஆந்த்ராக்ஸ்) என்று பார்க்காமல் வலி ஊசி போடுவதே தவறு. ஊசி போட்ட மாடு இறந்தால் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். ஊசி எதுவும் போடாமல் இறந்ததைப் புதைக்க வேண்டாம், பாறுக்கு உணவாகட்டும், ஆனால் அடைப்பான் நோய் என்ற சந்தேகம் இருந்தால் தோலை உரிக்கவே கூடாது, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, தடுப்பூசி அட்டையை

தாளவாடி மணி:
சார், இங்க யாரும் வைத்தியம் கேக்கல :) பாதியில நின்னுருச்சு பாருங்க.

மாதுங்கா மாமி:
மும்பையில மலபார் ஹில் பக்கம் ஒரு பார்சி வீட்டுல ட்யூஷன் எடுத்தேன். அவா தாத்தா போயிட்டார். அவா வழக்கம் தெரியுமே, உடம்பை எரிக்காம புதைக்காம, கழுகு திங்க அமைதிக் கோபுரத்துல வைக்கறது. கழுகு வந்தாத்தானே அந்த முறைக்கே அர்த்தம்! வரலை. சூரிய வெளிச்சத்தைக் குவிக்கற கருவி வச்சிருக்கான்னு பாட்டி சொன்னா. மழைக்காலத்துல அது என்ன பண்ணும்னு அந்தச் சின்னப் பையன் கேட்டான். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரலை. நான் அல்ஜீப்ரா புஸ்தகத்தைத் திறந்துட்டேன், வேற என்ன பண்றது.

கழுக்குன்றம் பொண்ணு:
மாமி, படிக்கவே ஒரு மாதிரி இருக்கு.

பட்சி அண்ணா, எங்க ஊர்ல வந்தது இரண்டே இரண்டுதானே. அதுக்கு வயசாகிச் செத்திருக்கக் கூடாதா? எல்லாத்துக்கும் ஊசியையே சொல்றீங்க.

பட்சி:
இருக்கலாம். ஆனா ஒரு ஜோடி செத்தா அந்த இடத்துக்கு இன்னொரு ஜோடி வரணும். அத்தனை காலமா அங்க வந்தது ஒரே ஜோடியா இருக்க முடியாதே. சுத்துவட்டாரத்துல வேற இல்லாமப் போனதாலதான் இடம் காலியாவே இருக்கு. குப்பைமேட்டுல நாய் பெருகிடுச்சுன்னு புலம்புறோமே, அதுவும் இதோட சேர்ந்ததுதான். பாறு குறைஞ்சதால 2000க்கும் 2005க்கும் இடையில வருஷத்துக்கு ஒரு லட்சம் மனுஷ உயிர் கூடுதலாப் போயிருக்கும்னு 2024ல ஒரு பொருளாதார ஆய்வு வந்துச்சு. அழுகின சடலம், கெட்ட தண்ணி, நாய்க்கடி எல்லாம் சேர்த்து.

சீகூர் ஜீப்:
மணி அண்ணன் சொல்றதுல விஷயம் இருக்கு, ஆனா நான் பார்த்தது மார்கழி. அன்னிக்கு வெயிலே இல்ல.

இன்னொண்ணு யாரும் சொல்லலை. ஊசியை நிறுத்தினாலும் தின்ன என்ன இருக்கு? எங்க ஊர்ல ஒரு காலத்துல மாடு வளர்த்ததே சாணிக்கு. எஸ்டேட்டுக்கு லோடு லோடாப் போகும். பட்டி மாடு குறைஞ்சு போச்சு. கிழட்டு மாடு சாகுறதுக்கு முன்னாடியே கேரளாவுக்கு வண்டி ஏறிடுது. புலி, செந்நாய் மிச்சம் வைக்கிறதுதான் இப்ப பாறுக்குச் சோறு. அதுலயும் குருணை போட்டா முடிஞ்சுது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணு மாநிலமும் சேர்த்து எண்ணினா சில நூறுதான் தேறுது.

உள்பெட்டியில நிறையப் பேர் சிறியூருக்குக் கூட்டிட்டுப் போறீங்களான்னு கேக்குறீங்க. மாட்டேன். ஐப்பசியில இருந்து பங்குனி வரைக்கும் கூடு இருக்கும், மரத்தடியில வண்டி நின்னாலே எழும்பிப் போயிடும். பெர்மிட் இல்லாம உள்ள விடவும் மாட்டாங்க. தெப்பக்காடு ரோட்டுல காலையில பத்து மணிக்கு மேல, வெயில் ஏறினதும் மேல பாருங்க. அதிர்ஷ்டம் இருந்தா தெரியும், டிக்கெட் வேண்டாம்.