இருபது செகண்டுல முடிஞ்ச தாய் சீ: ஷு ஷியாவ்தோங் பண்ணது சரியா தப்பா?

கட்டாந்தரை:
நேத்து தூக்கம் வராம பழைய வீடியோ ஒண்ணு பாத்தேன், 2017 ஏப்ரல் 27, செங்டு. பாக்காதவங்களுக்கு கதை இதான். ஷு ஷியாவ்தோங்னு பெய்ஜிங்ல எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) கத்துக்குடுக்கறவர், வாய் கொஞ்சம் இல்ல ரொம்பவே நீளம். வேய் லேய்னு ஒரு தாய் சீ மாஸ்டர், தாய் சீன்னா மெதுவா அசைஞ்சு பழகற சீன குங்ஃபூ. ரெண்டு பேரும் ஆன்லைன்ல திட்டி திட்டி கடைசில நேர்ல மோதிக்கலாம்னு வந்துட்டாங்க. வேய் லேய் ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி பஸ்ஸ நிறுத்தற மாதிரி நிக்கறார். ஷு கொஞ்சம் அப்படி இப்படி சுத்தறார், திடீர்னு உள்ள பாயறார், அவ்ளோதான், மாஸ்டர் பின்னாடியே ஓடி தடுமாறி விழறார், மேல ஏறி குத்து மழை, நடுவர் வந்து பிச்சு எடுக்கறார். மொத்தமா 20 செகண்டு கூட வராது.

இதே மாஸ்டர்தான் சீன அரசு டிவி நிகழ்ச்சில தர்பூசணி தோல் கிழியாம உள்ள மட்டும் கூழாக்கி காட்னவர், புறாவ கைல வச்சு பறக்க விடாம நிறுத்துனவர். நான் மூணு வருஷமா எம்எம்ஏ பண்றேன், என் கருத்து நேரடியா சொல்றேன், பாரம்பரிய குங்ஃபூ எல்லாம் டான்ஸ். சண்டைக்கு ஆகாது. மாத்துக்கருத்து இருந்தா வாங்க.

வெள்ளைக்கொக்கு:
வந்தாச்சு. சிங்கப்பூர்ல 11 வருஷமா தாய் சீ பண்றேன், அடுக்குமாடி பிளாக்குக்கு கீழ காலைல ஆறரைக்கு, கூட இருக்கற எல்லாரும் என்ன விட இருபது வயசு மூத்த சீன ஆன்ட்டி அங்கிள்ங்க. அந்த வீடியோவ எங்க மாஸ்டர்கிட்ட காட்டினப்ப அவர் வேய் லேய்க்கு சப்போர்ட்டே பண்ணல தம்பி, "கால் ரெண்டும் ஒரே கோட்டுல இருக்கு, இப்படி நின்னா யார் தள்ளினாலும் விழுவான்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

ஒரு டிவி கோமாளி அடி வாங்கினதுக்கு ஒரு கலையே டான்ஸ்னா, 1993ல யூஎஃப்சிங்கற எம்எம்ஏ போட்டி முதல் தடவ நடந்தப்ப ஒரு கைல மட்டும் கிளவுஸ் போட்டுட்டு வந்த பாக்ஸரு தரைல மடக்கிப் பிடிக்கற ராய்ஸ் கிரேசிகிட்ட மாட்டி கீழ விழுந்து தோல்விய ஒத்துக்கிட்டாரே, அன்னைக்கே பாக்ஸிங்கும் செத்துருக்கணுமே, சாகலையே? இன்னைக்கு உங்க ஜிம்ல முதல் நாளே ஜப்தான், அதாவது பாக்ஸிங்கோட நேர் குத்துதான், சொல்லிக்குடுக்கறாங்க.

கட்டாந்தரை:
அக்கா அது ஒரு ஆள். இது வரிசையா போகுது. 2018 மார்ச்ல விங் சுன்ங்கற குங்ஃபூ பாணிக்காரர் திங் ஹாவ், ஷுகிட்ட திரும்ப திரும்ப கீழ விழுந்தார், கடைசில நடுவர் டிரான்னு அறிவிச்சாரு பாருங்க அதான் அன்னைக்கு பெரிய வித்தை. 2019ல ஷு ஷிஞ்சியாங் போய் லூ காங்னு இன்னொரு குங்ஃபூ மாஸ்டர 47 செகண்டுல முடிச்சாரு. 2020 மே, ஷான்தோங்ல மா பாவ்குவோ, 69 வயசு, 'பிரபஞ்ச' தாய் சீயாம், எதுக்க நின்னது 50 வயசு பொழுதுபோக்கு ஃபைட்டர், அரை நிமிஷத்துக்குள்ள மூணு தடவ விழுந்து மூணாவது தடவ எந்திரிக்கவே இல்ல. எத்தன பேரு விழணும் ஒத்துக்க?

காப்பிகடை:
மா பாவ்குவோ அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க. "இளசுங்களுக்கு தர்மமே இல்ல, ஏமாத்தி தாக்கிட்டாங்க"ன்னு ஒரு கண்ணு வீங்கிப்போய் அவர் பேசின வீடியோ சீனாவுல தீயா பரவி மீம் மேல மீம், கடைசில சீனக் கட்சிப் பத்திரிகை பீப்பிள்ஸ் டெய்லியே "இந்தக் கூத்த உடனே நிறுத்துங்க"ங்கற ரேஞ்சுல எழுதற அளவுக்கு போச்சு. நம்ம வடிவேலு அளவுக்கு டெம்ப்ளேட் குடுத்த மனுஷன்.

முன்னாள்சிஷ்யன்:
நான் ரெண்டு பக்கமும் இருந்தவன், எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு எழுதறேன்.

நாலு வருஷம் விங் சுன். எங்க ஊர் பேரோ மாஸ்டர் பேரோ வேணாம். தினம் முதல்ல ஃபார்ம் (தனியா வரிசையா பண்ற அசைவுங்க), அப்புறம் மரப்பொம்மை, அப்புறம் சீ சாவ், அதாவது ரெண்டு பேரும் முன்கைய ஒட்டி வச்சுக்கிட்டு உருட்டிக்கிட்டே இடைவெளி கிடைச்சா அடிக்கறது. அதுல நான் கில்லாடி. கண்ண மூடிக்கிட்டே பண்ணுவேன். ஒரு தடவ மாஸ்டர்கிட்ட நேரடியா ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, பண்ணலாமான்னு கேட்டேன், "நம்மளுது கண்ணு, தொண்டைக்கு அடிக்கற வித்த, பண்ணா ஒருத்தன் செத்துருவான்"னார். நம்பிட்டேன். சத்தியமா நம்பினேன்.

அப்புறம் ஒரு நாள் சித்தி பையன், காலேஜ்ல பாக்ஸிங் ஆடறவன், மொட்டமாடில சும்மா கிளவுஸ் மாட்டி வாண்ணான்னான். நான் கைய நீட்டி அவன் கையோட ஒட்ட பாக்கறேன், அவன் கை அங்க இல்லவே இல்ல. வருது, மூக்குல படுது, போயிடுது. ஒட்டறதுக்கு எதுவுமே இல்ல. நாலு வருஷம் நான் பழகுனது எல்லாமே எதுக்க இருக்கறவன் கைய எனக்குக் குடுத்துட்டு நிப்பான்ங்கற நம்பிக்கைலதான்னு அந்த ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சுது. பையன் பாவம் மெதுவாதான் அடிச்சான், அதான் இன்னும் வலிச்சுது.

ஆனா கட்டாந்தரை, டான்ஸுங்கறத ஒத்துக்க மாட்டேன். இப்ப எம்எம்ஏ கிளாஸ்ல கிளின்ச்ல (கட்டிப் பிடிச்சுக்கிட்டு மல்லுக்கட்டறது) போனா என் முழங்கைய யாராலயும் அவ்ளோ சுளுவா நகத்த முடியாது, கோச்சே கேட்டாரு எங்க கத்துக்கிட்டன்னு. சீ சாவ்தான். அங்கதான் உபயோகம், ஒட்டுன தூரத்துல. அத தள்ளி நிக்கறவனுக்கு யூஸ் பண்ண சொன்னதுதான் பித்தலாட்டம்.

கட்டாந்தரை:
இத ஒத்துக்கறேன் ப்ரோ. ஆனா நீ சொன்னது என் கேஸத்தான ஸ்ட்ராங் ஆக்குது, ஸ்பாரிங் பண்ணாத எதுவும் வேலைக்கு ஆகாது.

வெள்ளைக்கொக்கு:
இப்ப பேச்ச மாத்தறீங்க. முதல்ல "குங்ஃபூ டான்ஸ்"னீங்க, இப்ப "ஸ்பாரிங் இல்லாத குங்ஃபூ"ங்கறீங்க. ரெண்டாவது சொல்லிருந்தா நான் டீ குடிக்கப் போயிருப்பேன்.

தமிழன்டா77:
எல்லாத்துக்கும் மேல குங்ஃபூவே நம்மளுதுடா. காஞ்சிபுரம் போதிதர்மர் போய் ஷாவோலின்ல சொல்லிக்குடுத்தது. நம்ம வித்தைய நாமளே கேலி பண்றோம்.

நூலகப்பூச்சி:
இது எப்படா வரும்னு பாத்துட்டு இருந்தேன். போதிதர்மர் தென்னிந்தியாவுல இருந்து போனார்னு பழைய சீனக் குறிப்பு இருக்கு, அதே சமயம் 6ஆம் நூற்றாண்டுல லோயாங் கோயில்கள பத்தி எழுதினவர் அவர பாரசீகர்ங்கறார். ரெண்டுலயுமே சண்டக்கலை பத்தி ஒரு வரி கிடையாது. அது மொதமொதல்ல வர்றது 1624ன்னு தேதி போட்ட ஒரு தசைப்பயிற்சி நூல்ல, அதோட முன்னுரையே போலின்னு சீன ஆய்வாளருங்களே எப்பவோ காட்டிட்டாங்க. ஆயிரம் வருஷ இடைவெளி. இத இங்கயே விடுங்க.

இந்த சண்டையே புதுசு இல்லங்கறதுதான் நான் சொல்ல வந்தது. 1928ல நான்ஜிங்ல அரசாங்கமே தேசியப் போட்டி வச்சுது, உயரமான மேடைல ஏத்தி எல்லா பாணிக்காரங்களையும் மோதவிட்டாங்க, எடைப் பிரிவு கிடையாது. காயம் கணக்கில்லாம போய் கடைசில மிஞ்சினவங்கள மோதவிடாமயே முடிச்சுட்டாங்க. 1954 ஜனவரில மக்காவ்ல வூ பாணி தாய் சீ வூ கோங்யீ, அவருக்கு 50க்கு மேல, அவர விட ரொம்ப இளையவரு வெள்ளைக்கொக்கு பாணி சான் ஹாக் ஃபூ, (நம்ம அக்கா பேருக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு அவங்கதான் சொல்லணும்), ரெண்டு பேரும் மேடை ஏறுனாங்க. ஹாங்காங் ஷெக் கிப் மேய் குடிசைப்பகுதி தீ விபத்துல வீடு போனவங்களுக்கு நிதி திரட்ட. அந்த ஃபிலிம் இன்னைக்கும் கிடைக்குது. பாத்தா சிரிப்பு வரும், ரெண்டு பேரும் கோழி மாதிரி கைய வீசறாங்க, ஒருத்தருக்கு மூக்குல ரத்தம், ரெண்டாவது ரவுண்டுல நிறுத்தி யாரும் ஜெயிக்கலன்னு சொல்லிட்டாங்க. ஊரே கொதிச்சு கிடந்ததப் பாத்துட்டு ஹாங்காங் பத்திரிகை ஒண்ணு மூணு நாள்ல குங்ஃபூ தொடர்கதை ஆரம்பிச்சுது, புது வூஷியா, அதாவது குங்ஃபூ வீரர் கத, நாவல் அலையே அதுலேந்துதான். நெஜ சண்ட ரெண்டு ரவுண்டு, கத அம்பது வருஷம் ஓடுச்சு.

கட்டாந்தரை:
அந்த ஃபிலிம் பாத்துருக்கேன். ரெண்டு பேருமே ஜப் கூட நேரா போடல, என் தங்கச்சி நல்லா அடிப்பா.

நூலகப்பூச்சி:
ஆனா ஏறுனாங்கல்ல. கூட்டத்துக்கு முன்னாடி, சீடனுங்களுக்கு முன்னாடி, தோத்தா பேரு போயிடும்னு தெரிஞ்சே. 1954க்கும் 2017க்கும் நடுவுல என்ன ஆச்சுன்னு பாருங்க. 1956ல சீன விளையாட்டு ஆணையம் 24 அசைவு தாய் சீய உருவாக்குச்சு, ஜனங்க ஆரோக்கியத்துக்கு, அதான் இன்னைக்கு உலகம் பூரா பார்க்ல பண்றது. வூஷு, அதாவது சீன தற்காப்புக்கலை, மார்க் போடற ஆட்டமா மாறுச்சு, ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி. அடிக்கற பாகம் தனியா பிரிஞ்சு 1979 வாக்குல சோதன ஓட்டமா ஆரம்பிச்சு சாண்டா ஆச்சு, குத்து, உதை, சீன மல்யுத்தத் தூக்கு மூணும் சேந்தது. சண்ட போடறவன் ஒரு ரூம், ஃபார்ம் பண்றவன் இன்னொரு ரூம். ஷுவே சின்ன வயசுல பெய்ஜிங் ஷிச்சாஹாய் ஸ்கூல்ல சாண்டா பழகினவர்தான். அப்ப யாரு யார அடிச்சாங்க சொல்லுங்க?

முன்னாள்சிஷ்யன்:
இது தெரியாது. அப்ப சீனாவோட ஒரு ரூம் இன்னொரு ரூம அடிச்சிருக்கு.

வெள்ளைக்கொக்கு:
அதேதான். ஜாங் வெய்லி 2019ல ஷென்ஜென்ல 42 செகண்டுல ஆண்ட்ராடேய முடிச்சு சீனாவோட முதல் யூஎஃப்சி சாம்பியன் ஆச்சே, அந்தப் பொண்ணு சாண்டாவுல இருந்து வந்தது. அதுக்கு முன்ன குங் லீ, 2008ல சாண்டா உதையாலயே ஃபிராங்க் ஷாம்ராக் கைய உடைச்சு ஸ்டிரைக்ஃபோர்ஸ்ங்கற வேற எம்எம்ஏ போட்டில பட்டம் எடுத்தார். இதெல்லாம் உங்க லிஸ்ட்ல வரல, விழுந்த கிழவங்க மட்டும்தான் வந்தாங்க.

இன்னொண்ணு, எனக்கு ஷு மேல கோவமே கிடையாது. போலிய ஒழிக்கறேன்னுதான் அவரும் சொல்றார், பாரம்பரியத்த இல்ல. கோவம் அவருக்கு நடந்தது மேலதான். அந்த 20 செகண்டுக்கு அப்புறம் சீன வூஷு சங்கம் இது தற்காப்புக்கலை ஒழுக்கத்துக்கு விரோதம்னு அறிக்கை விட்டுச்சு, வெய்போல (சீனாவோட ட்விட்டர் மாதிரி) அவர் அக்கவுண்ட் காணாமப்போச்சு, ஒரு குளிர்பான முதலாளி அவர தோக்கடிக்கறவங்களுக்கு 1 கோடி யுவான்னு அறிவிச்சார். அப்புறம் சென் பாணி தாய் சீ பெரியவர் சென் ஷியாவ்வாங்க போலின்னு சொன்னதுக்கு கேஸ், தோத்தார், 7 நாள் தொடர்ந்து மன்னிப்பு கேக்கணும், நஷ்டஈடு வேற. கிரெடிட் ஸ்கோர இறக்கி ஃபிளைட் டிக்கெட், அதிவேக ரயில் டிக்கெட் வாங்க முடியாம பண்ணிட்டாங்க. கட்டாந்தரை ஒரே வரில தாண்டிப்போன ஷிஞ்சியாங் சண்டைக்கு மனுஷன் ஒன்றரை நாள் மெது ரயில்ல உக்காந்து போனார், சொந்தப் பேருல ஆட விடாம 'ஷு பூசணிக்காய்'னு பேரு, முகத்துல பெயிண்ட் அடிச்சுக்கிட்டு. ஜெயிச்சவனுக்கு இது. ஒரு பயலும் கேக்கல.

கட்டாந்தரை:
அக்கா நீங்க என் பக்கம் வந்துட்டீங்க போல.

வெள்ளைக்கொக்கு:
உங்க பக்கம் யாரு வந்தா. உண்மைய சொன்னேன். சென் ஷியாவ்வாங் விஷயத்துல ஷு சொன்னது தப்புன்னும் சொல்றேன், அந்தக் குடும்பம் ஹெனான் சென்ஜியாகோ கிராமத்துல தலமொறையா பண்றது, போலி கிடையாது. கேஜ்ல ஏறி ஜெயிப்பாரான்னா ஜெயிக்க மாட்டார், அது வேற கேள்வி.

காப்பிகடை:
2020 ஜூலைல அதே வூஷு சங்கம் இனிமே 'மாஸ்டர்', 'பாணி வாரிசு'ன்னு தனக்குத்தானே பட்டம் போட்டுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. மூணு வருஷம் முன்னாடி இதையேதான் ஷு கத்துனார், அவருக்கு பெயிண்டு.

கட்டாந்தரை:
சரி ஒரு கேள்வி, கிண்டல் இல்ல. 11 வருஷம் பண்றீங்க, உங்களால சண்ட போட முடியுமா?

வெள்ளைக்கொக்கு:
முடியாது. யாராவது குத்துனா ஓடுவேன், முட்டி நல்லா இருக்கறதால வேகமா ஓடுவேன். புஷ் ஹேண்ட்ஸ்ல (ரெண்டு பேர் கைய ஒட்டி தள்ளிப் பழகற தாய் சீ பயிற்சி) 71 வயசு அங்கிள் ஒருத்தர் இருக்கார், ஒல்லி, என் மணிக்கட்டு மேல அவர் கை வச்சா இலை விழுந்த மாதிரி இருக்கும், நான் தள்ள நெனைக்கறதுக்கு முன்னாடி என் குதிகால் தரைல இருந்து லேசா கெளம்பும், எப்படின்னு இன்னும் தெரியல. ஆனா அவர் என்னைக்கும் யாரையும் அடிக்கறேன்னு சொன்னது கிடையாது. போன வருஷம் ஈர மாடிப்படில வழுக்கி விழாம நின்னுட்டேன்னு ஒரு வாரம் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தார்.

முன்னாள்சிஷ்யன்:
எங்க விங் சுன் மாஸ்டருக்கும் அந்த ஒரு வாய் சுத்தமா இருந்திருந்தா நான் இன்னும் அங்கயே இருந்திருப்பேன்.

கட்டாந்தரை:
தலைப்புல 'தாய் சீ'ங்கறத 'டிவி தாய் சீ'ன்னு மாத்தலாம்னா எடிட் ஆப்ஷன் போயிடுச்சு. டான்ஸுன்னதுக்கு சாரி, பாதி சாரி. ஆமா அந்தப் புறா மேட்டர் மட்டும் சொல்லுங்க அக்கா, நெஜமா பண்ண முடியுமா?

வெள்ளைக்கொக்கு:
யாங் பாணி தாய் சீய ஆரம்பிச்ச யாங் லூச்சான் காலத்துல இருந்து குருவிய வச்சு சொல்ற கதை அது. பறவை எழும்பணும்னா கால ஊனி உந்தணும், அது உந்தற நேரம் பாத்து உள்ளங்கைய இறக்கினா ஊன இடம் கிடைக்காதாம். இங்க பிளாக்குக்கு கீழ மைனா நூறு இருக்கு, 11 வருஷத்துல ஒண்ணு கூட என் கைல வந்து உக்காரல. மொதல்ல உக்காரட்டும்.