அறுபது வயதில் அவர்கள் பாடியது

'டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ்' என்ற இருவர் இசைக்குழுவின் பாடல்கள் பள்ளி நாட்களில் அண்ணனின் கேசட் வழியாகத்தான் எனக்கு அறிமுகமாயின. 'ஷவுட்' பாடலும் 'எவ்ரிபடி வாண்ட்ஸ் டு ரூல் த வேர்ல்ட்' பாடலும் 1985-இல் அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தவை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. இங்கிலாந்தின் பாத் நகரில் இளம் வயதிலேயே நண்பர்களான ரோலண்ட் ஓர்சபாலும் கர்ட் ஸ்மித்தும் பின்னர் பிரிந்து, மீண்டும் சேர்ந்து, 2004-இல் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். அதன்பின் 17 ஆண்டுகளுக்கு மேல் அவர்களிடமிருந்து புதிய தொகுப்பு எதுவும் வரவில்லை.

2022 பிப்ரவரியில் 'த டிப்பிங் பாயிண்ட்' வெளிவந்தபோது இருவருக்கும் அறுபது வயது. நானோ, அதற்கு முந்தைய ஆண்டில்தான் என் தந்தையை இழந்திருந்தேன். கடைசி வாரத்தில் அவர் முகத்தைப் பார்க்கத் துணிவின்றி, கட்டிலுக்கு மேலிருந்த திரையில் 91, 89, 90 என்று மாறிக்கொண்டிருந்த ஆக்சிஜன் அளவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தொகுப்பின் தலைப்புப் பாடலைக் கேட்டபோது அந்த அறை அப்படியே கண்முன் வந்து நின்றது. 2017-இல் மறைந்த தம் மனைவி கரோலைன் கண்ணெதிரே சிறிது சிறிதாக நலிந்துபோனதைப் பார்த்திருந்த ஓர்சபால், அந்த நாட்களைத்தான் அதில் பாடியிருக்கிறார் என்பதைப் பின்னரே படித்து அறிந்தேன். ஆனால் அதன் தாளம் துள்ளலானது. அழுகைக்கென்று அமைத்த மெட்டு அன்று. மருத்துவமனையிலும் வெளியே பேருந்துகள் ஓடிக்கொண்டுதானே இருந்தன!

இந்தத் தொகுப்பு உருவான விதமும் என்னை வெகுவாகக் கவர்ந்தது. காலத்துக்கேற்ற வெற்றிப்பாடல்கள் வேண்டும் என்று அவர்களின் அன்றைய மேலாளர்கள் இளைய பாடலாசிரியர்கள் பலரோடு இருவரையும் அமர்த்தி எழுதவைத்தார்கள். அப்படிப் பிறந்தவற்றில் பெரும்பாலானவை இருவருக்கும் மனநிறைவு தரவில்லை. ஸ்மித் விலகிவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. கடைசியில் வேறு யாருமின்றி இருவரும் ஆளுக்கொரு கிதாருடன் எதிரெதிரே அமர்ந்தபோது பிறந்ததுதான் 'நோ ஸ்மால் திங்'. அதைத் தொகுப்பின் முதல் பாடலாக வைத்தது மிகச் சரியான முடிவு என்பேன். நாட்டுப்புறப் பாடல்போல ஒற்றைக் கிதாருடன் அடங்கித் தொடங்கி, இசைக்கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பேரிரைச்சலாக அது வளரும்போது, இத்தனை ஆண்டுகள் அவர்கள் அடக்கிவைத்திருந்ததெல்லாம் வெளிப்படுவதைப்போல் எனக்குத் தோன்றும்.

தொகுப்பு பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை சென்றது. பத்துப் பாடல்களில் ஓரிரண்டு என் மனத்தில் தங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'ரிவர்ஸ் ஆஃப் மெர்சி'யை மட்டும் இரவில், விளக்கை அணைத்த பிறகு, இன்றும் கேட்கிறேன். சென்ற மாதம் அண்ணன் வந்திருந்தபோது தலைப்புப் பாடலை அவருக்குப் போட்டுக் காட்டினேன். பாடல் முடிந்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, அந்தத் திரையைத் தானும் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.