வரைபடம் வருகிறது, கோயில்கள் வரவில்லை: அவசர உதவி தேவை

வடகரைவாசி:
பாடல் பெற்ற தலங்களில் காவிரி வடகரையில் உள்ள 63 கோயில்களையும் எங்கள் தளத்தில் வரைபடமாகக் காட்ட வேண்டும். வரைபடம் விரிகிறது, ஆனால் ஒரு குறிகூடத் தெரியவில்லை. ‘எனக்கு அருகில்’ பொத்தானும் அசையவில்லை. இன்றிரவுக்குள் முடித்தாக வேண்டும்.

குறிஞ்சி:
வரைபடம் காட்ட எந்த நிரல் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு), கூகுள் மேப்ஸா, லீஃப்லெட்டா? உலாவியின் கன்சோலில் (பிழைச் செய்திகள் வரும் பலகை) பிழை ஏதும் வருகிறதா?

தச்சன்:
வரைபடப் பெட்டிக்கு உயரம் கொடுத்திருக்க மாட்டீர்கள். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் 400 பிக்சல் போடுங்கள், சரியாகிவிடும்.

குறிஞ்சி:
உயரம் இல்லாவிட்டால் வரைபடமே தெரியாதே? அவர் விரிகிறது என்கிறாரே.

மூத்தவன்:
தம்பி, எந்த நூலகம் என்று சொல்லவில்லை, நிரலையும் ஒட்டவில்லை. நாடியைக் காட்டாமல் மருந்து கேட்கிறீர்கள். முதலில் ஆவணத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

பொன்னி:
பேசாமல் கூகுளுக்கு மாறிவிடுங்கள்.

தச்சன்:
2018 முதல் அங்கே கட்டணக் கணக்குத் திறந்து சாவி (அணுகல் குறியீடு) வாங்க வேண்டும். கோயில் தளம் நடத்துபவர் எதற்காகக் கடன் அட்டை எண் கொடுக்க வேண்டும்? அதற்குப் பதில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது, 2004 முதல் தன்னார்வலர்கள் கட்டியெழுப்பிய வரைபடம். நம் ஊர்த் தெருவை நாமே சேர்க்கலாம்.

பொன்னி:
சேர்க்கலாம்தான். ஆனால் அதன் பொதுச் சேவையகம் நன்கொடையில் ஓடுகிறது. அளவு மீறி அங்கிருந்து வரைபடத்தை இழுத்தால் தடுத்துவிடுவார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தச்சன்:
தடுப்பது நியாயம்தானே? வரைபடத்தின் மூலையில் அவர்கள் பெயரைக்கூடப் போடாமல் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்! எனக்குக் கோபமே அதில்தான்.

வடகரைவாசி:
மன்னிக்கவும், லீஃப்லெட்தான். பிழை எதுவும் இல்லை. இடங்களின் எண்களைச் சேமித்திருக்கும் ஜியோஜேசன் கோப்பிலிருந்து ஒவ்வோர் எண் இணையாக எடுத்து மார்க்கருக்கு (வரைபடக் குறிக்கு) கொடுக்கிறேன். சிதம்பரம்: 79.69, 11.40.

குறிஞ்சி:
பிடிபட்டுவிட்டது! ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பின்னால். லீஃப்லெட் மார்க்கர் அதைத் தலைகீழாகக் கேட்கும். உங்கள் சிதம்பரம் இப்போது வடக்கு 79.69 பாகையில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் இருக்கிறது. வரைபடத்தைச் சுருக்கி வட துருவத்துப் பக்கம் பாருங்கள், 63 கோயில்களும் அங்கே குவிந்திருக்கும். எண்களை இடம் மாற்றுங்கள். அல்லது கோப்பை அப்படியே லீஃப்லெட்டின் எல்.ஜியோஜேசன் கட்டளையிடம் கொடுங்கள், அதுவே மாற்றிக்கொள்ளும்.

மூத்தவன்:
இதற்குத்தான் ஆவணத்தைப் படிக்கச் சொன்னேன்.

குறிஞ்சி:
ஐயா, ஒன்று கிழக்கிலிருந்தும் மற்றொன்று வடக்கிலிருந்தும் தொடங்கினால் படித்தவரும் தடுமாறத்தான் செய்வார். நானே ஒருமுறை இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

பொன்னி:
பொத்தான் விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். உங்கள் கணினியில் வேலை செய்து, தளத்தில் மட்டும் செய்யவில்லையா? முகவரி எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) என்று தொடங்குகிறதா? 2016இல் வந்த 50ஆம் பதிப்பு முதல் குரோம் உலாவி பாதுகாப்பில்லாத பக்கங்களுக்கு இருப்பிடம் தருவதில்லை. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (உங்கள் கணினியிலேயே ஓடும் பக்கத்துக்கு) மட்டும் விலக்கு உண்டு.

வடகரைவாசி:
63ம் வந்துவிட்டன. தளம் எச்டிடிபிதான், எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழ் நாளை போடுகிறேன். நன்றி.